மூன்று கயிறும் ஒரு பாக்குமரமும்

‘மோட்டார் ரீவைண்டிங்’ என்பது எங்கள் பக்கத்தில் கடைப் பலகையில் மட்டும் இருக்கும் சொல். வாய்ப்பேச்சில் அது ‘காயில் கட்டுறது’. மோட்டார் எரிந்துவிட்டால் “காயில் போயிருச்சுங்” என்று சொல்லிக்கொண்டே விவசாயி அதை டிவிஎஸ் வண்டியின் பின்னால் கட்டிக் கொண்டுவருவார். அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவே ஒரு சின்னக் கடையில் 1983-இல், பதினாறு வயதில், நான் வேலைக்குச் சேர்ந்தேன். வார்னிஷ் வாசனையும் கருகிய எனாமல் வாசனையும் அன்று மூக்கில் ஏறியவை. இன்றும் அவைதான் எனக்கு வேலையின் வாசனை.

கோவை வட்டாரத்தில் இந்தத் தொழிலுக்குப் பஞ்சமே வந்ததில்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. மில்கள் பெருகின. கிணறுகளில் கவலை இறைத்த இடத்தில் மோட்டார் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டாரை 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேதான் செய்தார்கள். அதன்பின் ஊருக்கு ஊர் பம்பு கம்பெனி, தெருவுக்குத் தெரு பட்டறை. இத்தனை மோட்டார்கள் ஓடும் பூமியில் காயில் கட்டுபவனுக்கு வேலை இல்லாமல் போகுமா?

காயில் கட்டுவது பொறுமையான வேலை. எரிந்த மோட்டாரைப் பிரித்ததும் முதலில் கணக்கு எடுக்க வேண்டும்: எத்தனை ஸ்லாட் (கம்பி இறங்கும் பள்ளம்), எத்தனை காயில், ஒரு காயிலில் எத்தனை சுற்று, கம்பி எத்தனை கேஜ், எந்த ஸ்லாட்டில் இறங்கி எந்த ஸ்லாட்டில் ஏறுகிறது. பிறகு பழைய கம்பியை உளியால் வெட்டி உருவி, ஸ்லாட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, லெதராய்டு பேப்பரை மடித்து உள்ளே வைக்க வேண்டும். ‘பாரம்’ என்கிற அச்சில் புதுக் கம்பியைச் சுற்றிக் காயிலாக எடுத்து, அந்தக் குறுகிய வாய் வழியாக ஒவ்வொரு இழையாக விரலால் தள்ளி இறக்க வேண்டும். எனாமல் உரியக் கூடாது. மேலே மூங்கில் ஆப்பு. பிறகு கனெக்‌ஷன், ஸ்லீவ், நூல் கட்டு. கடைசியில் வார்னிஷ் ஊற்றி, காயில் இருக்கும் அசையாத வெளிக்கூடான ஸ்டேட்டருக்குள் இருநூறு வாட் பல்பைத் தொங்கவிட்டு ராத்திரி முழுக்கக் காயவைக்க வேண்டும்.

இதெல்லாம் மூன்று வருஷத்தில் என் கைக்கு வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கட்டுவேன் என்றால் மிகையில்லை. மேஸ்திரியிடம் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. எண்ணெய்க் கறை படிந்த, முனை மடங்கிய நோட்டு. இருபது வருஷமாகப் பிரித்த மோட்டார்களின் கணக்கெல்லாம் அதில் இருந்தது. 24 ஸ்லாட், 2 போல் மோட்டார் என்றால் 12 காயில், ஒரு பேஸுக்கு 4. பிட்ச் 1-12, 2-11. மூன்று பேஸும் தொடங்கும் இடம் 1, 9, 17. மந்திரம் ஒப்பிப்பதுபோல அதை ஒப்பிப்பேன். 1, 9, 17. அது ஏன் 1, 9, 17 என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே உறைக்காத அளவுக்குக் கை பழகிப் போயிருந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மனம் இடறிக்கொண்டே இருந்தது. காயில் கட்டி முடித்ததும், நடுவில் சுற்றுகிற ரோட்டரை மாட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்வோம். பழைய பேரிங்கிலிருந்து எடுத்த ஒரு இரும்புக் குண்டை ஸ்டேட்டருக்குள் போட்டு, குறைந்த வோல்டேஜில் மூன்று பேஸும் கொடுப்போம். கனெக்‌ஷன் சரியாக இருந்தால் குண்டு உள்சுவரை ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடும். ஒரு காயில் தலைகீழாகச் சேர்ந்திருந்தால் ஓரிடத்தில் நின்று நடுங்கும். முதல் தடவை அந்தக் குண்டு ஓடியதைப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. காயில்கள் ஆப்பு வைத்து இறுக்கப்பட்டு நூலால் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. பிறகு குண்டை யார் ஓட்டுகிறார்கள்?

மேஸ்திரியிடம் கேட்டேன். “ஏனுங் மேஸ்திரி, காயில் நவுறதில்ல. ரோட்டருல ஒயரே இல்ல. அப்புறம் எப்புடிங் சுத்துது?”

“உள்ள கரண்ட்டு சுத்துதுடா. அதோட சேந்து அதுவும் சுத்துது. நீ காயிலக் கட்டு” என்றார்.

ரோட்டரைப் பார்த்திருப்பவர்களுக்கு என் குழப்பம் புரியும். இரும்புத் தகடுகளுக்கு நடுவே அலுமினியக் கம்பிகள், இரண்டு பக்கமும் வளையங்கள், அவ்வளவுதான். கிளிக்கூண்டின் கம்பிகளை உருளையாக வளைத்தது போலிருக்கும். அதற்கு எந்தப் பக்கத்திலிருந்தும் மின்சாரம் போவதில்லை. ஸ்டேட்டருக்கும் அதற்கும் இடையே ஒரு அஞ்சலட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி. தொடாத ஒன்று, நகராத ஒன்றால், நிமிஷத்துக்கு 2,880 தடவை சுற்றுகிறது.

பிறகு ஒரு வருஷம் மாலை வகுப்புக்குப் போனேன். ஆசிரியர் நல்லவர், பாடத்தை ஒழுங்காகத்தான் நடத்தினார். கரும்பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அலைகளை வரைந்தார். சிவப்பு, மஞ்சள், நீலம். ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி வருகின்றன, ஆகவே சுழலும் காந்தப்புலம் உண்டாகிறது என்றார். அந்த ‘ஆகவே’யில்தான் நான் சிக்கிக்கொண்டேன். மூன்று அலைகளும் மேலே போய்க் கீழே வருகின்றன. மேலும் கீழும் போகும் மூன்று சேர்ந்தால் வட்டம் எங்கிருந்து வரும்? நோட்டில் அழகாக வரைந்துகொண்டேன், பரீட்சையில் அப்படியே வரைந்து மார்க்கும் வாங்கினேன். புரியவில்லை.

இப்படியே பத்து வருஷம் போயிற்று.

1993-ஆம் வருஷம் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி. முதல் நாள் சாயங்காலம் மைக்செட்காரர் வந்துவிட்டார். கோயில் முன்னால் நாற்பதடிப் பாக்குமரத்தின் உச்சியில் நாலு குழாயைக் கட்டி நிறுத்துவது வழக்கம். சத்தம் நாலு ஊருக்குக் கேட்க வேண்டும். குழி தோண்டி மரத்தை நிமிர்த்தியாயிற்று, குழிக்குள் கல் இன்னும் இறுக்கவில்லை. உச்சியிலிருந்து மூன்று கயிறு மூன்று பக்கமும் இறங்கியது. கோயில் பக்கக் கயிறு என் கையில். புளியமரத்துப் பக்கம் என் மச்சான். கிணற்றுப் பக்கம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். மைக்செட்காரர் மரத்தடியில் உட்கார்ந்து, மரம் நேராக நிற்கிறதா என்று மேலே பார்த்துக்கொண்டே குரல் கொடுத்தார்.

“கோயில் பக்கம் இழுங்க! புளியமரம், வுடுங்க வுடுங்க! ஆ, சாஞ்சிருச்சு. இப்ப புளியமரம் இழுங்க! கோயிலு, வுடுங்க! கெணத்துப் பக்கம் புடிங்க!”

நாங்கள் மூன்று பேரும் அவசரக்காரர்கள். ஒருவர் இழுத்தால் மரம் அந்தப் பக்கம் வரும். வந்துவிட்டதே என்று அடுத்தவர் இழுப்பார். அவரிடம் போனதும் மூன்றாமவர் இழுப்பார். அதற்குள் மறுபடி என் முறை வந்துவிடும். மைக்செட்காரர் சலித்துப்போய், “ஏனுங் இப்புடி மரத்தச் சுத்த வுடுறீங்க!” என்று கத்தினார்.

நிமிர்ந்து பார்த்தேன். மங்கிய வெளிச்சத்தில் பாக்குமரத்தின் உச்சி வானத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

கையில் கயிற்றைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். நான் நின்ற இடத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை. மச்சானும் நகரவில்லை, அண்ணனும் நகரவில்லை. நாங்கள் செய்ததெல்லாம் இழுப்பதும் விடுவதும்தான். என் கயிறு நேர்கோட்டில் என் பக்கம் வருகிறது, நேர்கோட்டில் திரும்பிப் போகிறது. அவர்களுடையதும் அப்படியே. யாரும் வட்டம் போடவில்லை. ஆனால் மூன்று பேரும் மூன்று திசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராக முறை வைத்து இழுத்ததால், உச்சி வட்டமாகச் சுற்றுகிறது.

கோயில், புளியமரம், கிணறு. 1, 9, 17.

இருபத்துநாலு ஸ்லாட்டை மூன்றால் வகுத்தால் எட்டு. எட்டு ஸ்லாட்டுக்கு ஒரு ஆள் நிற்கிறான். வட்டத்தைச் சரிசமமாக மூன்றாகப் பிரித்து மூன்று ஆட்களை நிறுத்தியிருக்கிறோம். நோட்டிலிருந்து பார்த்துப் பார்த்துப் பத்து வருஷம் கட்டியது இதைத்தான். கரும்பலகையில் மேலும் கீழும் போன அந்த மூன்று கோடுகள்? ஒவ்வொரு கோடும் ஒரு ஆளின் கை. மேலே ஏறினால் இழுக்கிறான், கீழே இறங்கினால் விடுகிறான். அந்தப் படத்தில் ஒரு கோடு உச்சியில் இருக்கும்போது மற்ற இரண்டும் நடுக்கோட்டுக்குக் கீழே பாதி ஆழத்தில் இருக்கும். ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை. ஒருவன் முழுமூச்சாக இழுக்கும்போது மற்ற இருவரும் ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுக்கிறார்கள். விட்டுக்கொடுக்காவிட்டால் மரம் எப்படி வரும்?

“இன்னொரு சுத்து மெதுவா இழுங்க அண்ணா” என்று கேட்டேன். நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே இழுத்தார்கள். அதே வட்டம். பிறகு முறையை மாற்றச் சொன்னேன். கோயிலுக்கு அடுத்துப் புளியமரம் வராமல் கிணறு இழுக்க வேண்டும், அதற்கப்புறம் புளியமரம். உச்சி நின்று திரும்பி எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

மூன்று பேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் விஷயம். நூறு தடவையாவது மாற்றியிருப்பேன். எந்த இரண்டை மாற்றினாலும் சரி என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அன்று அதிசயம் போய்விட்டது. மூன்று ஆட்களில் எந்த இருவர் முறையை மாற்றிக்கொண்டாலும் வரிசை திரும்பிவிடும். சுற்றுவது ஆட்கள் அல்ல, அவர்களுடைய முறை.

ராத்திரி பொங்கல் வைத்து முடிந்ததும் கடைச் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். பெஞ்சின் மேல் சாக்பீஸால் வட்டம் போட்டு இருபத்துநாலு கோடு இழுத்தேன். நடுவில் ஒரு வாஷர். பழைய சைக்கிள் டியூபை நறுக்கி மூன்று பட்டை கட்டினேன். மச்சானையும் கடைப்பையன் ஒருவனையும் கூப்பிட்டு, 1, 9, 17 என்று குறித்த இடங்களில் ஆளுக்கொரு பட்டையைப் பிடிக்கச் சொன்னேன். முறை வைத்து இழுத்தோம். வாஷர் வட்டமாகச் சுற்றியது. முறை பிசகாமல் இழுத்தால் அது நடுவுக்கு வருவதே இல்லை, எப்போதும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறது. மூன்று பேஸ் மோட்டார் அதிராமல் வழுவழுவென்று ஓடுவதற்கு அதுதான் காரணம். இழுவை எந்த நொடியிலும் குறைவதில்லை, திசை மட்டும் சுற்றிக்கொண்டே போகிறது.

பிறகு 17-இல் இருந்த பட்டையைக் கத்தரித்துவிட்டேன்.

மிச்சமிருந்த இரண்டு பேர் இழுத்தார்கள். ஒருவர் இழுக்க மற்றவர் விட, வாஷர் நேர்கோட்டில் போய் வந்தது, போய் வந்தது. ஒருவர் இழுக்கும் அதே நொடியில் மற்றவர் விடுவதால் வட்டம் வரவில்லை. ஒரு பேஸ் போனால் மோட்டார் ஏன் புறப்படாமல் ‘உம்ம்’ என்று உறுமுகிறது என்பதை அந்த வாஷர் என் கண்முன் காட்டியது. நேர்கோட்டில் முன்னும் பின்னும் இழுத்தால் ரோட்டருக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது. நடுங்கத்தான் செய்யும்.

வீட்டுக் கிரைண்டரின் விஷயமும் இதிலிருந்தே பிடிபட்டது. வீட்டுக்கு வருவது ஒரே பேஸ், ஒரே கயிறு. அதனால்தான் கிரைண்டர் மோட்டாரில் இன்னொரு காயில் வைத்து, அதற்கு ஒரு கண்டன்சரைப் போடுகிறார்கள். அந்தக் காயிலின் கரண்ட்டைக் கண்டன்சர் சற்று முன்னதாக இழுக்க வைக்கிறது. இரண்டாவது கயிறு வேறு திசையில், வேறு நேரத்தில் இழுக்கிறது. வட்டம் பிறந்துவிடுகிறது. கண்டன்சர் போய்விட்டால் கிரைண்டர் உறுமிக்கொண்டு நிற்கும். அப்போது நம் வீட்டுப் பெண்கள் கல்லைக் கையால் ஒரு தள்ளு தள்ளிவிடுவார்கள், ஓடத் தொடங்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே ஓடும். திசையே இல்லாத இழுவைக்குக் கை ஒரு திசை கொடுக்கிறது.

கயிற்றுக்கும் காயிலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கயிற்றுக்கு இழுக்கத்தான் தெரியும். காயிலுக்கு இழுக்கவும் தெரியும், தள்ளவும் தெரியும். கரண்ட் திரும்பினால் காந்தத்தின் முனை மாறிவிடும். மற்றபடி பாக்குமரம் காட்டியதில் பிழையில்லை.

மறுநாள் நோம்பியில் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. மைதானத்தில் கையால் தள்ளுகிற ராட்டாந்தூரி போட்டிருந்தார்கள். கூட்டம் அதிகம். தூரிக்காரருக்கு ஒத்தாசையாகக் கொஞ்ச நேரம் நானும் தள்ளினேன். மெதுவாகச் சுற்றும்போது கையில் பாரம் தெரிந்தது. வேகம் ஏற ஏறப் பாரம் குறைந்தது. ஒரு கட்டத்தில் மரக்குதிரை என் கை போகும் வேகத்திலேயே போயிற்று. கை அதைத் தொட்டபடி போனது, ஆனால் தள்ளவில்லை. தள்ள வேண்டுமானால் குதிரை என் கையைவிட ஒரு மயிரிழையாவது பின்தங்க வேண்டும்.

எங்கள் கடைக்கு வரும் மோனோபிளாக் மோட்டார்களின் தகட்டில் 2,880 என்று அடித்திருக்கும். மின்சாரமோ நொடிக்கு 50 சுற்று, நிமிஷத்துக்கு 3,000. மிச்சம் 120 எங்கே போயிற்று என்று ஒருமுறை கேட்டதற்கு, பேரிங் உராய்வில் போய்விடுகிறது என்று பதில் கிடைத்திருந்தது. அது எனக்குச் சரியாகப் படவில்லை. புதுப் பேரிங் போட்டாலும் பாரம் ஏற்றினால் அதே 2,880 தானே வருகிறது? தூரி விடை சொல்லிவிட்டது. சுற்றும் காந்தம் ரோட்டரின் அலுமினியக் கம்பிகளை வெட்டிக்கொண்டு முந்திப் போக வேண்டும். அப்படி வெட்டிப் போனால்தான் கம்பிகளில் கரண்ட் பிறக்கும், ரோட்டர் காந்தமாகும், இழுபடும். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்ட உண்மை இது. காந்தமும் ரோட்டரும் ஒரே வேகத்தில் போனால் வெட்டு இல்லை, கரண்ட் இல்லை, இழுவை இல்லை. ஆகவே ரோட்டர் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே ஓடும். அந்தப் பின்தங்கலில்தான் அதன் பலம் இருக்கிறது. நாங்கள் ‘ஸ்லிப்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது இதுதான். பேரிங்கைத் திட்டியதில் நியாயமில்லை.

புரிந்துகொண்டதால் என்ன லாபம் என்று கேட்கலாம். அதற்கு முன்னும் நான் கட்டிய மோட்டார்கள் ஓடத்தான் செய்தன. ஆனால் ஒரு விவசாயியின் மோட்டாரைப் பற்றிச் சொன்னால் லாபம் என்னவென்று தெரியும்.

அவருடையது 3 எச்.பி. மோனோபிளாக், ஸ்டார் கனெக்‌ஷன். அந்த வெள்ளாமையில் இரண்டு தடவை எரிந்து வந்தது. இரண்டு தடவையும் நான்தான் கட்டிக் கொடுத்தேன், கூலியும் வாங்கினேன். மூன்றாவது தடவை கொண்டுவந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. “என்னுங் தம்பி, கம்பி மட்டமானதுங்களா?” என்றார். வெங்காயம் தண்ணீரில்லாமல் வாடிக்கொண்டிருந்த நேரம். நோம்பி முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

பிரித்துப் பார்த்தேன். பன்னிரண்டு காயிலில் எட்டு கரி. நாலு காயில் மட்டும் புதிதாகக் கட்டியது போலப் பொன்னிறமாக இருந்தது. முந்தைய இரண்டு தடவையும் அப்படித்தான் இருந்தது, இப்போது நினைவுக்கு வந்தது. அப்போதும் கண்ணால் பார்த்தேன். பார்த்ததற்கு அர்த்தம் தெரியவில்லை. எரிந்தது எரிந்ததுதான் என்று எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன்.

இந்தத் தடவை அந்த நாலு காயிலும் எனக்குப் பேசின. மூன்று ஆளில் ஒருவன் பாதியில் கயிற்றை விட்டுவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு நோவு இல்லை, அதனால்தான் பொன்னிறம். மிச்சம் இரண்டு பேர் அவன் சுமையையும் சேர்த்து இழுத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஒரு பேஸ் போனால் உடனே நின்றுவிடாது. அதே பாரத்தை இழுக்க மற்ற இரண்டு பேஸிலும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகும். சூடு கரண்ட்டின் வர்க்கமாக ஏறும் என்பதால் சூடு மூன்று மடங்கு. அந்தச் சூட்டில் எனாமல் எத்தனை நேரம் தாங்கும்?

மோட்டாரைக் கட்டுவதற்கு முன்னால் அவர் தோட்டத்துக்குப் போனேன். பியூஸ் மூன்றும் சரியாக இருந்தன. ஸ்டார்ட்டரைத் திறந்தேன். மூன்று காண்டாக்ட்டில் ஒன்று குழி விழுந்து கருகியிருந்தது. சில நேரம் ஒட்டும், சில நேரம் ஒட்டாது. குற்றவாளி அதுதான். மூன்று காண்டாக்ட்டையும் மாற்றி, ஓவர்லோடு ரிலேயைச் சரியான அளவுக்கு வைத்து, மோட்டாரைக் கட்டிக் கொடுத்தேன். மூன்றாவது தடவைக்குக் கம்பி விலை மட்டும் வாங்கினேன், கூலி வாங்க மனம் வரவில்லை. அந்த மோட்டார் அதன்பின் ஆறு வருஷம் என் கடைப் படி ஏறவில்லை.

அன்றிலிருந்து எரிந்த காயிலை வெட்டுவதற்கு முன் உட்கார்ந்து வாசிப்பது வழக்கமாயிற்று. ஸ்டார் கனெக்‌ஷனில் மூன்றில் இரண்டு பங்கு கரி என்றால் ஒரு பேஸ் போயிருக்கிறது. டெல்டாவில் மூன்றில் ஒரு பங்கு கரி என்றாலும் அதே கதைதான். எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் பாரம் அதிகம், அல்லது வோல்டேஜ் குறைவு, அல்லது பம்பு இறுகியிருக்கிறது. ஒரே ஒரு காயிலில் மட்டும் ஓட்டை விழுந்து செம்பு உருகியிருந்தால் கட்டியவனின் தப்பு, எனாமல் உரிந்திருக்கிறது. அந்தத் தப்பு என்னுடையதாக இருந்தபோது இலவசமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு ஓட்டும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. பயிர் காயும்போது அதைச் செய்யாதே என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் கண்டன்சர் உண்டாக்குவது நிஜமான மூன்றாவது ஆள் அல்ல, ஒப்புக்கு நிறுத்திய ஆள். ஒரு குறிப்பிட்ட பாரத்துக்குத்தான் அவன் சரியாக இழுப்பான். நீர்மட்டம் மாறினால், பாரம் மாறினால், அவன் முறை பிசகுவான், மற்றவர்கள் சூடாவார்கள். இதை வோல்ட், ஆம்பியர் என்று சொன்னால் கேட்காதவர்கள், மூன்று கயிறு என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

வெகுநாள் கழித்து நூலகத்தில் ஒரு புத்தகத்தில் நிகோலா டெஸ்லாவைப் பற்றிப் படித்தேன். 1882-இல் புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் நண்பரோடு நடந்துகொண்டிருந்தபோதுதான் சுழலும் காந்தப்புலம் அவர் மனத்தில் உதித்தது. உடனே ஒரு குச்சியை எடுத்து மணலில் படம் வரைந்து நண்பருக்குக் காட்டினார். இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸ் தனியாகவே அதே உண்மைக்கு வந்து சேர்ந்தார். 1888-இல் டெஸ்லா காப்புரிமை பெற்றார், அதே வருஷம் ஃபெராரிஸ் தம் ஆய்வை வெளியிட்டார். இரண்டு முறைகளாக இருந்த இழுவையை மூன்றாக்கி, இன்று நாம் கட்டுகிற மூன்று பேஸ் கூண்டு ரோட்டர் மோட்டாரை 1889-இல் செய்தவர் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி. 1891-இல் ஜெர்மனியில் லாஃபன் என்ற ஊரிலிருந்து பிராங்க்பர்ட் வரை 175 கிலோமீட்டர் தூரத்துக்கு மூன்று பேஸ் மின்சாரத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். நம் தோட்டத்துக் கம்பத்தில் ஓடும் மின்சாரம் அந்த வழி வந்ததுதான்.

அவர்கள் இல்லாததைக் கண்டுபிடித்தவர்கள். நான் கையில் இருந்ததைப் புரிந்துகொண்டவன், அவ்வளவுதான். ஆனாலும் மணலில் குச்சியால் வரைந்த இடத்தைப் படித்தபோது, பெஞ்சில் சாக்பீஸால் வட்டம் போட்ட அந்த ராத்திரி ஞாபகம் வந்து கண் கலங்கியது. மேஸ்திரியும் நினைவுக்கு வந்தார். “உள்ள கரண்ட்டு சுத்துதுடா” என்று அவர் சொன்னதில் தப்பே இல்லை. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அதைப் பார்க்க எனக்கு ஒரு பாக்குமரம் வேண்டியிருந்தது.

இப்போது என் கடையில் ஆணியில் ஒரு வாஷர் தொங்குகிறது, மூன்று டியூப் பட்டைகளோடு. புதிதாக வேலைக்கு வரும் பையனுக்கு முதல் நாள் கம்பியைக் கொடுப்பதில்லை. இன்னும் இரண்டு பையன்களைக் கூப்பிட்டு மூன்று பேரையும் பெஞ்சைச் சுற்றி நிறுத்துவேன். முறை வைத்து இழுக்கச் சொல்வேன், திருப்பி இழுக்கச் சொல்வேன், ஒருவனைக் கைவிடச் சொல்வேன். வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டேன். வாஷர் சுற்றுவதைப் பார்த்து அவன் முகம் மலரும் நேரத்துக்காகக் காத்திருப்பேன். அதற்கப்புறம் 1, 9, 17 என்று சொன்னால் அவனுக்கு அது மந்திரமாக இருப்பதில்லை.

தொழில் சொல்லிக்கொடுக்கும் எல்லா மேஸ்திரிகளிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கை பழகினால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். பையன் ‘ஏன்’ என்று கேட்டால், அவன் பார்த்துப் பழகிய கயிற்றிலோ தூரியிலோ கிரைண்டரிலோ பதிலைத் தேடிக் கொடுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் அவனோடு சேர்ந்து தேடுங்கள். எனக்குக் கிடைக்கப் பத்து வருஷம் ஆயிற்று. அந்தப் பத்து வருஷத்தில் காரணம் தெரியாமல் நான் கட்டிக் கொடுத்து, மறுபடி எரிந்த மோட்டார்கள் எத்தனையோ. அவற்றுக்குக் காசு கொடுத்தவர்கள் விவசாயிகள்.

தோட்டத்தில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்விட்சைப் போட்டதும் மோட்டார் புறப்படாமல் உறுமினால் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். உடனே நிறுத்துங்கள். மெயினை அணைத்துவிட்டு, ஆளை வைத்துப் பியூஸையும் ஸ்டார்ட்டர் காண்டாக்ட்டையும் பாருங்கள். மூன்று பேரில் ஒருவன் கயிற்றை விட்டிருப்பான்.